சந்தைப் படத்தில் மூன்றாவது ஆள்

என் தம்பி வீட்டை விட்டுப் போனபோது அவனுக்குப் பதினெட்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பத்தூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதமாக அவன் வகுப்புப் பக்கமே போகவில்லை என்பதை அப்பாவிடம் சொன்னவள் நான்தான். அப்பா பெல்ட்டால் அடித்தார். தம்பி அழவில்லை. ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுநாள் காலை அவனுடைய பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவன் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று இரண்டு வரி. முகவரி கிடையாது. தபால் முத்திரையில் பெங்களூர் என்று மட்டும் படிக்க முடிந்தது.

பி.எட். முடித்ததும் நான் பெங்களூரில் வேலை தேடியதற்கு அந்த முத்திரைதான் காரணம். வீட்டில் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. ஈஜிபுராவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். முதல் இரண்டு வருடம் பஸ்ஸில் ஏறினால் ஆண்கள் பக்கம் முழுக்க ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். கட்டடம் கட்டுகிற இடங்களில் நின்று சாரத்தை அண்ணாந்து பார்ப்பேன். அப்பா இறந்தபோதும் அவன் வரவில்லை. அதன் பிறகு தேடுவதை விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நகர அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கல் கட்டடம். கீழே கோட்டையின் மாதிரி வடிவம், வாள், வரைபடம் என்று இருந்தது. மாடியில் அன்றாட வாழ்க்கை என்று தனிக் கூடம்: மண்ணெண்ணெய் அடுப்பு, பட்டுத் தறி, வால்வு ரேடியோ, குழாயடிக் குடங்கள். கடைசிச் சுவரில் சந்தையின் கறுப்பு வெள்ளைப் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள்.

ஒரு படத்தில் ஐந்து பேர் லாரியிலிருந்து முட்டைகோஸ் மூட்டை இறக்குகிறார்கள். மூன்றாவது ஆள் கோணியை மடித்துத் தலையில் மழைக்குப் போடும் கொங்காணி மாதிரி போட்டிருந்தான். முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் லாரியின் பின்பலகையைப் பிடித்திருந்த கை முழுசாகத் தெரிந்தது. நான்கு விரல் பலகையைப் பற்றியிருக்க, மோதிர விரல் மட்டும் உள்பக்கம் வளைந்து விலகி நின்றது. தம்பிக்கு ஆறு வயதில் சைக்கிள் செயினில் மாட்டிய விரல். அதற்குப் பிறகு அது நிமிரவே இல்லை.

கூட வந்த டீச்சர் வந்து தோளைத் தொட்டபோதுதான், பிள்ளைகள் எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது.

"என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்குது?"

"இது என் தம்பி" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அருங்காட்சியக அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கன்னடத்தில் பொறுமையாகத்தான் பேசினார். படம் எடுத்த தேதி தங்களிடம் இல்லை, யார் கொடுத்தார்கள் என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். மறு சனிக்கிழமை மேலதிகாரி லீவில் இருந்தார். அதற்கு அடுத்ததில் பதிவேட்டு அலமாரியின் சாவி இல்லை. நான்காவது தடவை போனபோது அவர் மேஜை முன்னால் நின்று அழுதுவிட்டேன். முப்பது வயதுப் பெண், கையில் குடையோடு, சத்தம் போட்டு அழுதேன். அவர் எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்தார்.

படத்தைக் கொடுத்தவர் மல்லேஸ்வரத்தில் இருந்தார். வயதானவர், நன்றாகத் தமிழ் பேசினார். "சந்தையில நூத்துக்கணக்கா எடுத்திருக்கேன்ம்மா. யார் முகமும் ஞாபகம் இல்லை, மன்னிச்சுக்கோ" என்றார். ஆனாலும் அட்டைப்பெட்டிகளை இறக்கி, ஒரு மணி நேரம் தேடி, அந்தச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். படம் எடுத்து நான்கு வருடம் இருக்கும் என்றார். அதே லாரி அடுத்த படத்திலும் இருந்தது. தம்பி அதில் முதுகைக் காட்டி நின்றான். லாரியின் பக்கப் பலகையில் ஆனேக்கல் என்று ஊர்ப்பெயர் கன்னடத்தில் எழுதியிருந்தது.

இவ்வளவு காலமும் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓசூர் பஸ்ஸில் ஆனேக்கல் பிரியும் சாலையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆனேக்கலில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒவ்வொருவராகக் கேட்டேன். விரலைப் பற்றிச் சொன்னதும் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பெரளா? கன்னடத்துல விரலுக்குப் பெரளு. அப்படித்தான் நாங்க கூப்பிடுவோம். நல்ல ஆளும்மா. ரெண்டு வருஷம் இங்கதான் இருந்தான், அந்தக் கொட்டகையிலதான் படுத்துக்குவான்."

"இப்ப எங்க?"

"போர்வெல் வண்டி ஒண்ணு வந்துச்சு, அதுல ஏறிப் போயிட்டான். வடக்க எங்கயோ. மகாராஷ்டிராவோ, இன்னும் மேலயோ. போய் மூணு வருஷம் ஆவுது. அப்புறம் சேதியே இல்ல. நீங்க யாரு?"

"அக்கா."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஊர்ல யாரும் இல்லன்னு சொன்னானே. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க எல்லாம் செத்துட்டாங்கன்னு சொன்னான். ஜுரம் வந்து கிடந்தப்பக்கூட, தகவல் சொல்லணுமான்னு நான் கேட்டேன். யாரும் இல்லன்னுட்டான்."

அவர் கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே வேறு யாரோ இரண்டு பேர் படுத்திருந்தார்கள். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் சுவரையெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு போர்வெல் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினேன், டெலிபோன் பூத்தில் நின்று பேசினேன். எந்தப் பெயரில் போனான் என்பது தெரியாமல் அவர்களால் என்ன செய்ய முடியும்?

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. ஊரிலிருந்து வரவழைத்து, நேராக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். படத்தைக் காட்டி இது யார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன், அவ்வளவுதான். அம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றாள். கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்குக் கிட்டே போனாள். காவலாளி ஏதோ சொல்ல வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் விலகிப் போய்விட்டார்.

"எலும்பா இருக்கான்" என்றாள் அம்மா.

அங்கே கிடந்த பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, ஆனேக்கல், டீக்கடை, வடக்கே போனது, எல்லாம். யாரும் இல்லை என்று அவன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"நம்மளப் பத்தி எதுனா சொன்னானாமா அந்தாளுகிட்ட?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உன் சமையலைப் பத்தித்தான் எப்பவும் பேசுவானாம்மா."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. பத்து வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்ன சொன்னானாம்?"

"கத்திரிக்காய்க் குழம்பு. அது மாதிரி எங்கயும் கிடைக்கலன்னு."

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கத்திரிக்கா அவனுக்கு ஆவாதே" என்றாள் மெதுவாக. "தின்னா நாக்கு தடிச்சுக்கும். சின்னதுலேர்ந்து தொட மாட்டானே."

அவனோடு ஒரே பந்தியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். அது எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. அந்த டீக்கடைக்காரர் உண்மையில் என்ன சொன்னார் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

தம்பி இன்றுவரை வரவில்லை.