ஹன்னாவின் கல்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் பட்டறை. கொத்தி முடியாத கல்லறைக் கல் ஒன்று அங்கே ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றது. பள்ளிக்கூடம் போக அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். அதனாலேயே நேராகப் போய் அதில் இடித்துக்கொள்வேன். என் தைரியம் இன்றுவரை அந்த அளவில்தான் இருக்கிறது.

கல் ஹன்னா என்ற யூத அம்மாளுக்கானது. கொத்தச் சொல்லியிருந்தவர் அவருடைய அக்கா. நாங்கள் ஆன்ட்டி என்போம். ஜூ டவுன் வீட்டில் அந்த இருவர்தான் இருந்தார்கள், இப்போது ஒருவர். முதலாண்டு நினைவு நாளுக்குள் கல்லை நட வேண்டும்.

எபிரேயத்தில் பெயரை அப்பா கோலம் பார்த்துப் போடுவதுபோலக் கொத்திவிட்டார். வம்பு கீழே, ஆங்கிலத்தில். பெயரின் முதல் எபிரேய எழுத்து தொண்டையிலிருந்து வருவது. ஆங்கிலத்தில் அதற்கு ஆள் கிடையாது. எச் போடலாம், சி-எச் போடலாம், கடைசியில் இன்னொரு எச்சை ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம்.

வாராவாரம் அப்பா சாக்பீஸால் ஒரு விதமாக எழுதிக் காட்டுவார். ஆன்ட்டி அதைப் படிக்க மாட்டார், கூப்பிடுவார். அடுக்களையில் இருப்பவளைக் கூப்பிடும் குரலில், "ஹன்னா!" பிறகு கொஞ்ச நேரம் காத்திருப்பார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு உயிர் போய்விடும். பதில் வந்துவிட்டால்?

"இது அவளல்லா, மேஸ்திரி. மாய்ச்சுக் களை."

"எப்படி எழுதினாலும் கூப்பிடுறது ஒண்ணுதானே, சேச்சி?" என்பார் அப்பா, ஈரத்துணியால் அழித்தபடி.

"உனக்கு ஒண்ணு. அவளுக்குக் கேக்கணுமே."

ஆன்ட்டி தெரு தாண்டியதும் அம்மா ஆரம்பிப்பாள். "செத்தவங்களப் பேர் சொல்லி வீட்டுக்குள்ள கூப்பிட விடுறீங்களே, வந்து நின்னா சோறு நீங்களா போடுவீங்க?"

நினைவு நாள் நெருங்கிவிட்டது. அன்று அப்பா சி-எச்சில் தொடங்கி எழுதியிருந்தார். ஆன்ட்டி எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே ஈரத்துணி எடுக்க உள்ளே போனார். கல்லைக் கழுவும் தண்ணீரோடு நான் ஆன்ட்டியின் முதுகுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டேன்.

"ஹன்னா!"

எங்கள் வீட்டில் யார் பெயர் கேட்டாலும் கடைசியில் திட்டு எனக்குத்தான் என்பதால், பதில் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். பயத்தில் அது நழுவிவிட்டது.

"ம்ம்."

ஆன்ட்டியின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். அப்பா துணியோடு வந்தார்.

"மாய்க்கண்டா, மேஸ்திரி. இது மதி. இதையே கொத்திக்கோ."

அழிக்க வேண்டாமாம், இதுவே போதுமாம். உளிச் சத்தம் கேட்டதும் எனக்குக் காய்ச்சல் வந்தது. செத்தவர் என் வாய் வழியாகப் பேசிவிட்டார், இனி அந்த வாய் அவருடையது என்று நம்பினேன். அம்மா திருநீறு பூசி, என்ன ஏது என்று துளைத்தாள். வாயைத் திறக்கவே பயம், சோற்றுக்குக்கூடத் திறக்கவில்லை.

சின்ன அறை. கை நீட்டினால் ஆன்ட்டியின் புடவை. வாளியில் தண்ணீர் அலம்பியது அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. திரும்பியிருந்தால் என்னைப் பார்த்திருப்பார், கல்லும் இன்னொரு வாரம் அப்படியே நின்றிருக்கும்.

வாசலைத் தாண்டிப் போகும்வரை அவர் ஏன் திரும்பவேயில்லை என்பதுதான் எனக்கு அன்று விளங்கவில்லை.