நான் அந்த டொக்டரின் மகள் இல்லை

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வருகிறவர் இலங்கையில் டொக்டராவதற்கு என்னென்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பள்ளி முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையில் போதிய பெறுபேறு, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்துப் பட்டம், எழுத்திலும் நோயாளியின் கட்டிலருகிலும் தேறவேண்டிய பரீட்சை, தற்காலிகப் பதிவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதன் பிறகுதான் முழுப் பதிவு. நான் பரீட்சையில் தேறி, பயிற்சிக்கான அழைப்புக்காகக் காத்திருந்தேன். அதாவது, என் பொறுப்பில் ஒருவருக்கு ஒரு குளிசைகூடக் கொடுக்க முடியாது.

கொட்டாஞ்சேனையில் டிஸ்பென்சரி நடத்தும் டொக்டர் ஒருவர் அம்மாவுக்குத் தெரிந்தவர். "சும்மா வீட்டில இருந்து என்ன செய்யப்போறீர்? வந்து பழகும்" என்றார். அவர் நோயாளிகளைப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று நம்பி வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினேன். இரண்டு நாள் அப்படித்தான் நடந்தது. அடுத்த நாள் அவர் கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

"நான் ஒரு கலியாணவீட்டுக்குப் போறன். நீர் என்ர கதிரையில இரும். காய்ச்சல், தடிமன்தானே வரும்."

"அங்கிள், எனக்கு இன்னும் பதிவு இல்லையே."

"அது என்ன, நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

கார் போய்விட்டது. நான் அந்தக் கதிரையில் போய் இருந்தேன். யாராவது முறைப்பாடு செய்தால் என் இத்தனை வருடப் படிப்பும் அதோடு முடிந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கும் அக்கா சிரித்தார். "பயப்படாதீங்க மிஸ். டொக்டர்ட மகள் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்."

அதற்குள் கொச்சிக்கடையிலிருந்து ஒரு பெண் தன் சிறுமியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"மூணு நாளா காய்ச்சல் டொக்டர். ஊசி ஒண்ணு போட்டு விடுங்க. நாளைக்காவது நான் வேலைக்குப் போகணும்."

பிள்ளை துவண்டு கிடந்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். கொழும்பு முழுக்க டெங்கு பரவியிருந்த நேரம்.

நான் எழுந்து நின்றேன். "நான் அவருடைய மகள் இல்லை. மருந்து தர எனக்கு இன்னும் அனுமதியும் இல்லை. பிள்ளையை இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பாக்கோணும்."

"அப்போ டொக்டர் சீட்ல நீங்க எதுக்கு உக்காந்திருந்தீங்க? எங்களப் பாத்தா வெளாட்டா இருக்கா?"

நியாயமான கேள்வி. கலியாணவீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு வரவேண்டிய வெட்கம் எனக்கு வந்தது.

த்ரீவீல் பிடித்து நானும் கூடவே போனேன். பிளேட்லெட் நன்றாகக் குறைந்திருந்தது. உடனே வார்டில் சேர்த்தார்கள். வார்டு வாசலில் நிற்கும்போது டொக்டரிடமிருந்து போன் வந்தது. அக்கா சொல்லியிருப்பார்.

"ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு கூத்தா? வாறவையையெல்லாம் இப்பிடி அனுப்பினா நான் டிஸ்பென்சரியைப் பூட்டவேண்டியதுதான்."

"பூட்டுங்கோ அங்கிள்," என்றேன். "நீங்கள் இல்லாத நேரம் பூட்டித்தான் வைக்கோணும்."