கலாதேவி விட்ட கவிச்சி

கலாதேவிக்குக் கருவாடு என்றால் உயிர். கடலோர லூமுட்டிலிருந்து யாராவது ஈப்போவுக்கு வந்தால், பையைத் திறப்பதற்குள் மோந்து பார்த்தே என்ன மீன் என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் பதினேழு வருஷமாக மீனையும் கறியையும் வீட்டுக்காகச் சமைக்கிறாளே தவிர, நாக்கில் வைத்ததில்லை. உப்புகூட ருசி பார்க்காமல் கண்ணளவுதான்.

காரணம் அவள் புருஷன் ஜெயபாலன். லாரி ஓட்டியவர், நல்ல மனுஷர், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அதற்குப் பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு வர ஆள் அனுப்ப வேண்டும். ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து, விலா முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். எழுந்த கையோடு கலாதேவி அவரை லகாட் பக்கம் தான் பிறந்த பழைய தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் இடிந்துவிட்டது, முனியாண்டி கோயில் மட்டும் நகரவில்லை. கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். "நீயும் ஒண்ண விட்டாத்தாம்மா இந்தக் கட்டு நிக்கும்" என்றார் பூசாரி. அவள் யோசிக்கவே இல்லை, கவிச்சியை விட்டாள். சத்தியத்தை மீறினால் முனி ரத்தம் கக்க வைக்கும் என்பது அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

மகள் ஷர்மினி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இந்த வருஷம் விற்றுத் தள்ளியதில் அவளுக்கும் அப்பா அம்மாவுக்குமாகக் கம்பெனி மூன்று பேருக்குப் பிரான்ஸ் பயணம் கொடுத்தது. "ஒரு நாள் முழுக்க ஒயின் எஸ்டேட் பாக்கிறோம்மா" என்றாள். கலாதேவி காதில் விழுந்தது எஸ்டேட் மட்டும்தான். தோட்டத்துக்காரிக்குத் தோட்டம் பார்க்கக் கசக்குமா?

போர்தோ பக்கத்தில் பஸ் நின்றது. நெரை நெரையாகத் திராட்சைக் கொடிகள், வெயிலில் குனிந்து வேலை செய்கிற ஆட்கள், மேட்டில் துரை பங்களா. "இங்கயும் அதே கததான் போல" என்று சிரித்தாள். பல நூறு வருஷத்துக் கல் நிலவறைக்குள் கூட்டிப்போனதும் சிரிப்பு நின்றது. அங்கே வழிகாட்டிப் பெண் வரிசையாகக் கிளாஸ் வைத்து ஊற்ற ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாம வெளிய போயிடலாம்."

"பயப்படாத லா கலா," என்றார் ஜெயபாலன். "அந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டியா? வாயில வச்சுப் பாத்திட்டு இந்த வாளியில துப்பிடணுமாம். துப்பிட்டா குடிச்சதா ஆகாது."

பதினேழு வருஷம் கட்டிக் காத்த மனுஷர், வாய் கொப்பளித்தால் முனி கோபித்துக்கொள்ளாது என்று அவளும் சமாதானம் செய்துகொண்டாள். முதல் கிளாஸைத் துப்பினார். இரண்டாவதையும் துப்பினார். மூன்றாவதில் தொண்டை ஏறி இறங்கியது.

"ஐயோ, துப்புங்க! துப்புங்க!" கலாதேவி அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். கூட வந்த ஏஜெண்டுகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "முனியப்பா, தெரியாம செஞ்சிட்டாரு, விட்டிடு, ஊருக்கு வந்ததும் கெடா வெட்டுறேன்" என்று கைகூப்பி அழுதாள். ஊர் பேர் தெரியாத இடத்தில் அவர் ரத்தம் கக்கிச் சாகப்போகிறார் என்று நிஜமாகவே நம்பினாள்.

ஷர்மினிக்கு அம்மா அழுவது தாங்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகத்தான் சொன்னாள். "ஒண்ணும் ஆகாதும்மா. போன சனிக்கிழமகூட எங்க வீட்ல குடிச்சாரு. என்ன ஆச்சு, சொல்லுங்க?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை, பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று தங்கள் குனோங் ராபாட் வீட்டிலிருந்து அவர் மகள் வீட்டுக்குக் கிளம்புகிற நாள். பேத்திக்கு என்று கலாதேவி மீன் பொரித்து டப்பாவில் கொடுத்தனுப்புவாள். அந்த மீன் பேத்திக்குப் போனதா, இவர் கிளாஸுக்குத் தொட்டுக்கொள்ளப் போனதா? இருபத்தாறு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். தன் வீட்டு ஓட்டை மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

"எப்பலேர்ந்து?"

"எப்பவாச்சும்தான் லா..."

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

"அந்த வருஷத் தீபாவளியிலேர்ந்து," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. சத்தியம் செய்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று மகளிடம் திரும்பினாள்.

"நீங்க அதையே நம்பி நிம்மதியா இருந்தீங்கம்மா. பாவமா இருந்துச்சு."

குடித்ததைவிட அந்தப் 'பாவம்'தான் அவளைச் சுட்டது. கல்யாண வீடுகளில் "அம்மா சைவம்" என்று ஓடி ஓடித் தனிச் சாப்பாடு வாங்கி வந்த மகள், அத்தனை தடவையும் மனசுக்குள் பாவம் பார்த்திருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டில் ஷர்மினி வழக்கம்போல அம்மாவுக்குக் காய்கறி கேட்டாள். "வேணாம். உங்களுக்கு வர்றதே எனக்கும் வரட்டும்" என்றாள் கலாதேவி. வாத்துக்கறி வந்தது. அதைப் பார்த்ததும் ஜெயபாலன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அதான் சரி, சாப்பிடு லா," என்றார். "இனி ரெண்டு பேருக்கும் கணக்குச் சரியாப்போச்சு."

அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கவிச்சிய விட்டது விட்டதுதான். இப்ப உங்களையும் விட்டுட்டேன்."

வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார். ஈப்போ திரும்பி எட்டு மாதமாகிறது. ஜெயபாலன் கடையில் சாப்பிடுகிறார். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், அவள் இன்னும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.