மாமா சுட்ட கறுவா பிஸ்கட்

மாமா வாசலில் வந்து நின்றபோது அவர் கையிலிருந்த பையின் அடியிலிருந்து பட்டர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல சித்திரை வெயில். திருகோணமலைச் சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முகத்தில் களைப்பு என்று ஒன்றுமில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், "தம்பி, எங்கட ஓவன் இன்னும் வேலை செய்யுதோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் மனைவியின் தகப்பன். துறைமுகத்தில் இழுவைப்படகுகளின் எஞ்சின்களோடு காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவர். மாமி காலமான பிறகு எங்களோடுதான் இருந்தார். தனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றவும் குசினிக்குள் கால் வைக்காத மனிதர் ஓவனைப் பற்றி விசாரித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

காரணம் முதல்நாள் பின்னேரமே தொடங்கியிருந்தது. என் மனைவி கிணற்றடியில் நின்று, தங்கச்சி அனுப்பிய குரல்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவின் இளைய மகள் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெடியனை விரும்பிக் கலியாணம் செய்துகொண்டவள். மாமா கலியாணத்துக்குப் போகவில்லை. அதன்பிறகு அவளோடு ஒரு சொல் கதைக்கவுமில்லை. பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அவர் அவளைக் கண்டதில்லை. அக்காவும் தங்கச்சியும் அவருக்குத் தெரியாமல் உறவு வைத்திருந்தார்கள். அன்றைய பதிவில் பேசியது குழந்தை. "பெரியம்மா, டவுன் கடையில விக்கிற கறுவா பிஸ்கட், மெத்தெண்டு இருக்குமே, அது வரக்குள்ள கொண்டு வாங்க." மாமா பின்கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை என் மனைவி காணவில்லை. நான் கண்டேன். பேத்தியின் குரலை அவர் முதன்முதலாகக் கேட்ட நேரம் அது. திரும்பி உள்ளே போய்விட்டார். அன்றிரவு சாப்பாட்டில், யாரையும் பாராமல், "அதென்ன பிஸ்கட், மெத்தெண்டு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

கடையில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தால் முடிகிற காரியம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது சரிவரவில்லை. தானே சுடவேண்டும் என்று நின்றார். அலைபேசியில் ஒரு வெளிநாட்டுப் பெண் செய்து காட்டுவதை என் மனைவி ஓடவிட்டு, நிறுத்தி, தமிழில் சொல்லிக்கொடுத்தாள். பட்டரையும் சீனியையும் குழைக்க வேண்டும், முட்டை ஊற்ற வேண்டும், மாவும் அப்பச்சோடாவும் சேர்க்க வேண்டும். அந்தப் பெண் புளிப்புக்குப் போட்ட வெள்ளைத் தூள் ஒன்று இங்கே கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தேசிக்காய்ப்புளி சில துளி விட்டோம். வனிலா எசன்ஸ் போத்தலை என் மனைவி எடுத்து வைத்தாள். மாமா அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "இது வேண்டாம். கறுவா வாசம் காணும்" என்றார். உருண்டைகளைக் கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் கலந்த தட்டில் உருட்டியபோது அவருக்கு ஒரே புதினம். "கறுவா எங்கட நாட்டுச் சாமான். அதை ஒரு வெள்ளைக்காரி எங்களுக்குப் படிப்பிக்கிறா, பாருங்கோ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முதல் தட்டு வெளியே வந்தபோது அதில் பிஸ்கட் என்று தனித்தனியாக எதுவும் இருக்கவில்லை. எங்கள் ஊர்ச் சூட்டில் இளகிப்போயிருந்த மா உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே தோசையாகக் கிடந்தது. "அப்பா, மா சரியான இளக்கம். பிரிட்ஜில வைச்செடுத்துச் சுடுவம்" என்றாள் என் மனைவி. அடுத்த நாள் அப்படியே செய்தோம். உருவம் நன்றாக வந்தது. ஆனால் மாமா அவசரப்பட விடவில்லை. நடுவிலே இன்னும் வேகவில்லை, நல்லாச் சிவக்கட்டும் என்று ஓவன் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டார். ஆறிய பிறகு ஒன்றைக் கடித்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "என்ர கட்டுப்பல்லுக்கு இது ஏலாது. அந்தப் பிள்ளைக்கு முன்பல்லு விழுகிற வயசு. இதைக் குடுத்தால் மிச்சப் பல்லும் போயிடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பின்னேரம் முழுக்க அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். அவர் தன் இளைய மகளிடம் சொல்ல வேண்டியிருந்ததை வாயால் சொல்லத் தெரியாதவர். சொல்வதற்கு ஒரு வழி அகப்பட்டிருக்கிறது, அதுவும் கல்லாகிப்போனால் என்ன செய்வார் என்று எனக்குள்ளும் ஒரு பயம் வந்தது.

மூன்றாம் நாள் தட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் போச்சு. எடுத்து வெளியில வையுங்கோ." பாதி வெந்து, நடுவில் ஈரம் பிடித்த மாதிரித் தெரிந்த உருண்டைகளை நான் மேசையில் வைத்தேன். கோழிக்குத்தான் போடவேண்டும் என்று நினைத்தோம். தேத்தண்ணி குடிக்கும்போது என் மனைவி சும்மா ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். அவள் கண் விரிந்தது. "அப்பா! இதுதான்! இங்க வாங்கோ, இதுதான் அது!" விளிம்பு பிடித்து நிற்க, நடு பஞ்சு மாதிரி. சூட்டுத் தட்டிலேயே அது மிச்ச வேக்காட்டை முடித்திருந்தது. வேகவில்லை என்று தெரியும்போதே எடுத்துவிட வேண்டும், அதுதான் சங்கதி. மாமா ஒன்றைத் தின்றார், இன்னொன்றைத் தின்றார், பிறகு மகளின் தலையைப் பிடித்து ஆட்டினார். குசினிக்குள் மூன்று பெரிய மனிதர்கள் துள்ளிக்கொண்டு நின்றோம். "தம்பி, மோட்டச் சைக்கிளை எடுங்கோ. சூடு ஆற முதல் போகோணும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கிண்ணியா போய்ச் சேரும் வரைக்கும் பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் இருந்தார். இளைய மகளின் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவர் குரல் மாறிவிட்டது. "எஞ்சினை நிப்பாட்ட வேண்டாம். குடுத்திட்டு உடன திரும்புவம்." நான் சொன்னபடி செய்தேன். சத்தம் கேட்டு அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கேற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா" என்ற சொல் பாதிதான் வெளியே வந்தது. அத்தனை வருடத்துக்குப் பிறகு மகளிடம் பேசுவதற்கு மாமா என்ன சொல்லை வைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவர் டப்பாவை நீட்டி, "எசன்ஸ் ஒண்டும் போடேல்லப் பிள்ளை. அதில மதுசாரம் கலந்திருக்குமெண்டு கடைக்காரர் சொன்னவர். உங்கட வீட்டுக்குச் சரிவராதெண்டு விட்டிட்டன்" என்றார். அவள் அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டப்பாவை அல்ல, அவர் கையைத்தான் பிடித்தாள். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

அதற்குள் குழந்தை ஓடிவந்து மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துவிட்டாள். வாய் நிறையச் சீனியோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத நீங்களா சுட்டீங்க?"

"ஓம் மகள்."

"உங்களுக்குச் சுடத் தெரியுமா?"

"இண்டைக்குத்தான் தெரிய வந்தது."

பின்னால் என் சகலன் வந்து நின்றார். சாறனை மடித்துக் கட்டியிருந்தவர் மாமாவைக் கண்டதும் மடிப்பை அவிழ்த்து விட்டார். "வெயிலுக்குள்ள நிக்கிறீங்க மாமா. உள்ளுக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான். ஏன் இத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

இப்போது பள்ளிக்கூட விடுமுறை வந்தால் எங்கள் குசினி தாத்தாவுக்கும் பேத்திக்கும் சொந்தம். தரையெல்லாம் கறுவாச் சீனி, காலில் நறநறக்கும். சகலனும் நானும் வெளியே இருந்து, சுடச்சுட வருவதற்குக் காத்திருப்போம். ஆனாலும் மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்று பின்னேரம் நாங்கள் திரும்பி வந்த விதம்தான். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தோம். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் என் தோளில் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று மூத்த மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். கடற்காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போனது. மற்றப் பக்கத்தில் என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கீழே தோணியில் நின்றவர்களும் நிமிர்ந்து பார்க்கும்படி, எஞ்சின் அறையில் கத்திப் பழகிய குரலில் திரும்பத் திரும்பக் கத்தினார்:

"உள்ளுக்குப் போனனான் பிள்ளை! நான் உள்ளுக்குப் போனனான்!"