பத்தொன்பது விநாடி

நாற்பத்து நான்கு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, ஒரு கம்ப்யூட்டர் எத்தனை விநாடியில் கண் விழிக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். பெரியவன் பிறந்தபோது ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் கேட்டார்கள். "பால்காரர் வந்துட்டுப் போன பிறகு" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. கம்ப்யூட்டருக்கோ விநாடிக்குக் கீழே புள்ளி வைத்துக் குறித்திருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. மனைவி அதை இரண்டு முறை பழைய பேப்பரோடு போட்டாள், இரண்டு முறையும் தெருமுனை வரை ஓடி மீட்டு வந்தேன்.

முதலிபாளையம் போகிற வழியில் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, ஒரு பனியன் கம்பெனி இருந்தது. நான் செய்துகொண்டிருந்த தொழில் என்னைக் கைவிட்டதும், "சும்மா ஊட்ல உக்காந்துட்டு எதுக்குங்க மாப்ள, நம்ம ஆபீஸைப் பாத்துக்குங்க" என்று கூட்டிக்கொண்டார். என் பதவிக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அதற்கு என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்தப் பத்தாண்டின் பின்பாதி அது. கரண்ட் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். போனதும் எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டருக்கு ஓடுவார். அது உறுமி நிலைப்பட்ட பிறகு ஒவ்வொரு சுவிட்சாகத்தான் போடுவார். முதலில் லைட், அடுத்து ஃபேன், பிறகு தையல் லைன் ஒவ்வொன்றாக, அப்புறம் கட்டிங், கடைசியாக அயர்ன் டேபிள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே தலையைச் சாய்த்து ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்பார். எனக்கு அது வீண் சடங்காகத் தெரிந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா நேரம் மிச்சமாகுமில்லீங்க?"

"தாராளமாப் போடலாமுங்க. ஜெனரேட்டரு படுத்துக்கும். அப்பறம் நூத்தியிருவது பேரையும் மெசினோட தூக்கிட்டுப் போயி நீங்கதானுங்க வெளிச்சத்துல உக்கார வெக்கோணும்."

பேக்கிங் செக்ஷனில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடிப்பது மட்டும்தான் அதற்கு வேலை. பெட்டி எண், சைஸ், நிறம், எத்தனை பீஸ், பேக் செய்த தேதி, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் யு.பி.எஸ். எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியும் செத்திருந்தது. அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அதன் கணக்கில் அன்றைக்கு 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. விண்டோஸ் எழுந்திருக்க ஆறு நிமிடம் ஆகும். டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தால் பதினொன்று. அதுவரை பேக்கிங் பெண்கள் பெட்டி மேல் உட்கார்ந்து கதை பேசுவார்கள். எழுந்த பிறகு பேக்கிங் இன்சார்ஜ் அன்றைய தேதியை ஒரு விரலால் தட்டி உள்ளே ஏற்றுவார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். கம்பெனியே அவரை அக்கா என்று கூப்பிட்டதால், பத்து வயது மூத்தவனான நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

புத்தியுள்ள ஒருவர் புது யு.பி.எஸ். வாங்கியிருப்பார். நான் லினக்ஸ் படிக்க ஆரம்பித்தேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு அப்போது சி.டி. இலவசமாக வரும். அப்படி வந்த ஒன்றில்தான் இந்தப் பித்து தொற்றியது. பழைய மெஷின்களுக்கென்றே மெலிந்த உடம்போடு செய்த லினக்ஸ் வகைகள் பல இருந்தன. ஒன்று ஐம்பது எம்.பி.க்குள் அடங்கியது. இன்னொன்று முழுக்க முழுக்க மெமரியிலேயே ஓடியது. ஆனால் எங்கள் ஸ்டிக்கர் பிரிண்டரைக் கல்யாண வீட்டில் கடன்காரனைப் பார்த்ததுபோலப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவதை நாமே ஒவ்வொரு உறுப்பாகக் கட்டி எழுப்ப வேண்டும். அதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன். குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகாததற்கு ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு காரணம் சொன்னேன்.

எடை குறைந்தால் மட்டும் போதாது, எழுப்புகிறவரை மாற்ற வேண்டும் என்று மெல்லப் புரிந்தது. லினக்ஸில் முதலில் எழுகிற நிரலுக்கு இனிட் என்று பெயர். அதன் வரிசை எண் ஒன்று. கல்யாண மண்டபத்தில் விடிவதற்கு முன் எழுந்து ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டுகிற பெரியப்பாவுக்கு உள்ள வேலைதான் அதற்கும். வழக்கமான இனிட், ஒருவர் பல் தேய்த்து முடிக்கும்வரை அடுத்த கதவைத் தட்டாது. இதைச் சகிக்க முடியாதவர்கள் உலகமெங்கும் வேறு வேறு இனிட் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று என்னை ஆட்கொண்டது. அது எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் தட்டும். தட்டிவிட்டு அங்கேயே நிற்கும். எழுந்தவர் யாராவது மறுபடி சாய்ந்தால் அடுத்த விநாடியே பிடித்துத் தூக்கி நிறுத்தும். சாகவே விடாது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மனைவியும் நம்பவில்லை. கண்ணாடியை மாற்றச் சொன்னாள்.

ஆறு நிமிடம் ஒன்றே முக்கால் நிமிடமானது. பிறகு நாற்பத்தொரு விநாடி. புது இனிட் வந்ததும் இருபத்தேழு. அங்கே வந்து நின்றுவிட்டது. எது தாமதிக்கிறது என்று தேடினால், நானே எழுதிய ஒரு வரி. நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் தேதி கேட்டு வாங்கி வரும் வரி அது. அக்காவின் ஒரு விரல் வேலையைக் குறைப்பதற்காகச் சேர்த்திருந்தேன். எட்டு விநாடி சும்மா நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைத் தூக்கிவிட்டேன்.

பத்தொன்பது.

மூன்று தடவை அணைத்து எழுப்பிப் பார்த்தேன். மூன்று தடவையும் பத்தொன்பது, தேதியும் சரி. தேதி சரியாக இருந்ததற்குக் காரணம், சோதித்த மூன்று தடவையும் கரண்ட் இருந்தது என்பதுதான். இது எனக்குத் தோன்ற இருபத்துநான்கு மணி நேரம் ஆனது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் வெளிநாட்டு பையரின் பையிங் ஆபீஸிலிருந்து தரம் பார்க்கும் க்யூ.சி. வந்து பெட்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், தூத்துக்குடி லாரி ஏற வேண்டும். அன்றைக்கே அக்கா ஊருக்குப் போக வேண்டும். ஞாயிறு காலை ஊர் மாதா கோயிலில் அவருடைய மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். ஆஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒன்பது வயதுப் பெண். வெள்ளை கவுனை ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவே தைத்திருந்தார். எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரியே டிஷ்யூ பேப்பர் வைத்து மடித்து, பாலிபேக் போட்டு, அது பேக்கிங் டேபிளுக்கு அடியில் அவருடைய பைக்குள் இருந்தது. மாலை ஆறு மணி பஸ். அக்கா போகாவிட்டால் அந்தக் குழந்தைக்குக் கவுனும் போகாது.

காலையில் வழக்கம்போலக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது. எலக்ட்ரீஷியன் இரண்டாவது தையல் லைனுக்குக் கை வைப்பதற்குள் என் கம்ப்யூட்டர் எழுந்து ஸ்டிக்கர் அடிக்கத் தயாராக நின்றது. நான் சுற்றிலும் பார்த்தேன். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. முதல் ஸ்டிக்கரைக் கிழித்த அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், தேதி ஒரு மாதிரி விழுந்திருக்கே, பாத்தீங்களா?"

"அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்க்கா. நீங்க ஒட்டுங்க."

நான் பார்க்கவில்லை. நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு க்யூ.சி. வந்தார். எங்கள் ஊர்ப் பேச்சு பேசாத, சிரிக்காமல் கிண்டல் செய்கிற மனிதர். முதல் பெட்டியைத் தட்டினார், இரண்டாவதைத் தட்டினார், பத்தாவது வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"சார், இந்த டி-ஷர்ட்டை எல்லாம் நான் காலேஜ் படிக்கிறப்பவே பேக் பண்ணிட்டீங்களா? ஆர்டர் போன மாசம்தானே வந்தது?"

இருநூற்று எண்பது பெட்டி. அத்தனையும் 2000 ஜனவரி முதல் தேதி. புத்தாண்டு அன்றும் லீவு விடாத கம்பெனி.

அப்போதும் நான் கலங்கவில்லை. "அஞ்சு நிமிஷம் சார், மறுபடி அடிச்சிடலாம்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரியான தேதியைக் கொடுத்தேன். ஆனால் காலையில் மிச்சமிருந்த பழைய தேதி ஸ்டிக்கர்கள் வரிசையில் காத்திருந்தன. என் கை பட்டதும் அவை வெளியே வர ஆரம்பித்தன. அச்சடிக்கும் நிரலைக் கொன்றேன். ஒரு விநாடி அமைதி. இனிட் அதைத் தூக்கி நிறுத்தியது. ஸ்டிக்கர் தொடர்ந்து வந்தது. மறுபடி கொன்றேன். மறுபடி உயிர்த்தது. சாகவே விடாது என்று நான் கண் கலங்கிய குணம் அது. அதை எப்படிச் சாக விடுவது என்ற பக்கத்தை நான் படித்திருக்கவில்லை. நான் கொல்ல, அது எழுப்ப, 2000ஆம் வருடம் பாம்பு மாதிரி பிரிண்டரிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டது. க்யூ.சி. ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சத்தம் கேட்டு வந்த எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார், அதன் வயரைப் பிடுங்கினார்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டீங்களாட்டம் இருக்குதுங்க" என்றார்.

ஸ்டிக்கர் ரோல் முடிந்திருந்தது. அது பையர் சொன்ன இடத்தில் மட்டுமே வாங்க வேண்டிய ரோல். திங்கட்கிழமைக்கு முன் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து மச்சான் போன் செய்தார். கணியூரில் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து.

"மாப்ள, லாரி கெளம்பீருச்சுங்களா?"

"கெளம்பிட்டே இருக்குதுங்க" என்றேன். லாரி டிரைவர் டயருக்குப் பக்கத்தில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வழி கண்டுபிடித்தது அக்காதான். கேட்டில் வாட்ச்மேன் சரக்கு வரவுக்குக் குத்துகிற தேதி முத்திரையை வாங்கி வந்தார். பாலிபேக் மேல் சைஸ் குத்தி ஒட்ட வைத்திருந்த வெறும் வெள்ளை ஸ்டிக்கர் நிறைய இருந்தது. அதில் தேதியைக் குத்தி, தப்பான தேதி மேல் ஒட்டிவிடலாமா என்று க்யூ.சி.யிடம் கேட்டார். அவர் யோசித்தார்.

"ஒட்டலாம். ஆனா திருத்தின ஒவ்வொண்ணுலயும் பேக்கிங் இன்சார்ஜ் சைன் வேணும்."

"நான் போடறேன் சார்" என்று முன்னால் வந்தேன்.

"உங்க சைன் எங்க லிஸ்ட்ல இல்லையே. நீங்க இங்க என்னவா இருக்கீங்க?"

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன்.

அக்கா உட்கார்ந்தார். ஒருத்தி முத்திரை குத்த, ஒருத்தி அக்கா முன்னால் நீட்ட, மற்றவர்கள் ஓடி ஓடி ஒட்டினார்கள். இருநூற்று எண்பது கையெழுத்து. மணி மூன்றரை. நாலேகால். நானும் ஒட்டப் போனேன். இரண்டைக் கோணலாக ஒட்டிய பிறகு, "சார், நீங்க கொஞ்சம் அங்கன உக்காருங்களேன்" என்றார் அக்கா, தலை நிமிராமல். உட்கார்ந்தேன். என் காலுக்குப் பக்கத்தில் அவருடைய பை இருந்தது. ஜிப் மூடாத வாய் வழியாகக் கவுனின் லேஸ் பாலிபேக்குக்குள் தெரிந்தது. நடுவே ஒருமுறை கரண்ட் போய் வந்தது. யாரும் கேட்காமலே என் கம்ப்யூட்டர் பத்தொன்பது விநாடியில் எழுந்து நின்றது. அதைவிட வேகமாக எதையும் செய்ய அந்த அறையில் என்னால் முடியவில்லை.

நூற்றுத் தொண்ணூறுக்குப் பிறகு அக்காவின் கையெழுத்தில் பின்பாதி எழுத்துகள் காணாமல் போயின. வெறும் ஒரு கொக்கி மட்டும் மிஞ்சியது. கடைசிப் பெட்டி முடிந்தபோது ஆறு அடிக்கப் பத்து நிமிடம். எலக்ட்ரீஷியன் பைக்கை உதைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். "ஏறுங்கக்கா, புடிச்சரலாம்" என்றார். அக்கா பையை மடியில் வைத்து ஏறினார். என்னிடம் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். விரல்களை உதறிக்கொண்டே போய்விட்டார்.

முக்கால் மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் தனியாகத் திரும்பினார். "பஸ்ஸு போயிருச்சுங்க. மதுரை வண்டியில நின்னுட்டுப் போறேன்னு ஏறிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. தட்டில் வைத்த தோசை ஆறிப் போனது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். கட்டை விரலில் தைலம் மணத்தது. பிள்ளைக்குக் கவுன் போட முடிந்ததா என்று கேட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மதுரையில எறங்கி, வேற வண்டி புடிச்சு, பூசைக்கு ரெண்டாம் மணி அடிக்கயில போயிட்டேன் சார். வாசல்ல வச்சே உடுத்தி விட்டேன். எல்லாப் பிள்ளைகளும் உள்ள போயிட்டு. இவ மட்டும் அழுதுட்டு நின்னா."

அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று இறங்கினேன். இனிட் என்றால் என்ன, அது எப்படி எழுப்பும், நான் ஏன் அதை மாற்றினேன், இருபத்தேழு எப்படிப் பத்தொன்பதானது, நான் தூக்கிய வரி எது, எல்லாவற்றையும் விளக்கினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அக்கா பெட்டி மேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பேட்டரி செத்துப்போனதால்தான் கம்ப்யூட்டருக்குத் தேதியே மறந்துபோகிறது என்கிற இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன பேட்டரி சார்?"

கம்ப்யூட்டரைத் திறந்து மதர்போர்டைக் காட்டினேன். நாலணா அளவில் வட்டமாக ஒன்று.

அக்கா எழுந்து போய்த் தன் டேபிள் டிராயரை இழுத்தார். துணியின் கனம் பார்க்கிற சின்னத் தராசுக்காக வாங்கி வைத்திருந்த பேட்டரி அட்டை ஒன்றை எடுத்து வந்தார். அதே வட்டம், அதே எண். அட்டையில் நான்கு இருந்தன.

"இதுதானா? கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பேன்லா."