பூவரச இலை மஃபின்

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சாக்லேட் மஃபினைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பசி வராது, ஜெபம் சொல்லத்தான் தோன்றும். சிரிக்காதீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆவூர் வீட்டில் அம்மா, நான், இன்னும் பள்ளிக்கூடம் போகாத தம்பி. மாதம் ஒருமுறை, அப்பா அனுப்பும் பணத்தை எடுக்க அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவாள். பேங்க் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பேக்கரிக்குள் நுழைவோம். காகிதக் கப்பில் உப்பி நிற்கும் கறுப்பு மஃபின், ஆளுக்கு ஒன்று. விலையைக் கேட்டு அம்மா மாதாமாதம் புதிதாக அதிர்ந்துபோவாள். "ஆத்தாடி, இத்துனூண்டுக்கா?" என்று கடைக்காரரிடம் ஒரு மூச்சு கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். தனக்கென்று வாங்கமாட்டாள். தம்பி தின்று போட்ட காகிதத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்பாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மஃபினைக் கிள்ளிக் கிள்ளித் தின்றபடி ஊர் திரும்புவதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் உண்டென்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் தவக்காலம் வந்தது. எங்கள் ஊரில் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால் ஈஸ்டர் வரை வீட்டில் கறி வாசனை வராது. அது மட்டும் போதாது என்றார் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்த சிஸ்டர். ஒவ்வொருவரும் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை ஈஸ்டர் வரை விட்டுவிட்டு, எதற்காகவாவது வேண்டிக்கொள்ள வேண்டுமாம். ஒருவன் எழுந்து நின்று, பாகற்காயை விட்டுவிடுவதாக அறிவித்தான். சிஸ்டர் அவனை முட்டி போட வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. கோயிலுக்குள் போய் மனசுக்குள் சொன்னேன். ஈஸ்டர் வரைக்கும் சாக்லேட் மஃபினைத் தொடமாட்டேன், ஆண்டவரே. ஈஸ்டருக்கு அப்பா வீட்டில் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு லீவு கிடைத்து இரண்டு ஈஸ்டர் ஆகியிருந்தது. தம்பிக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு முகம்தான். எனக்கோ அவர் தோளில் ஏறி உட்கார்ந்ததெல்லாம் ஞாபகம் இருந்தது, அதுதான் வம்பு. மாதத்துக்கு ஒரே ஒரு மஃபின் தின்கிற எனக்கு, அதை விட்டுக்கொடுத்து அப்பாவை வாங்கிக்கொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை என்றும் கணக்குப் போட்டிருந்தேன். ஆண்டவரையே ஏமாற்றப் பார்த்த வியாபாரி நான். அவர் சும்மா இருப்பாரா?

அந்த மாதம் அம்மா பேங்குக்குள் போன வேகத்தில் வெளியே வந்தாள். பேக்கரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். தம்பி நடுரோட்டில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான்.

"அது பூராவும் மைதாடா, டால்டா. ஒடம்புக்கு ஆகாது. நான் வீட்லயே செஞ்சு தாரேன், இங்கிட்டு வாங்க" என்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மைதாவை அம்மா திட்டி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட பரோட்டா வாங்கித் தந்து தேற்றியவள் அவள்.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. அப்பா முந்தின தடவை வந்தபோது கொண்டுவந்த கோக்கோ டப்பா ஒன்று, கோடாலித் தைலத்தோடும் சென்ட் பாட்டிலோடும் பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கித் தரும் சத்துமாவு என்று நினைத்து ஒருமுறை கலக்கிக் குடித்து, கசப்பில் துப்பிவிட்டு, அம்மா அதை உள்ளே தள்ளியிருந்தாள். இப்போது போனில் வீடியோ பார்த்து அதை வெளியே எடுத்தாள். மைதாவுக்குப் பதில் கேப்பை மாவும் கோதுமை மாவும். சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. வெண்ணெய்க்குப் பதில் கடலெண்ணெய். தோல் கறுத்துக் கனிந்த பூவன் பழத்தைப் பிசைந்து விட்டாள், முட்டையை அடித்து ஊற்றினாள். கேக் சுடும் ஓவனுக்கு எங்கே போவது? குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, வாஷரையும் விசிலையும் கழற்றிவிட்டு மூடி, அடுப்பில் வைத்தாள்.

முதல் வாரம் இட்லித் தட்டில் ஊற்றினாள். தம்பி எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்னி கேட்டான். அடுத்த வாரம் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினாள். பாதி அடியில் ஒட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த வாரம், கொழுக்கட்டைக்குச் செய்வதுபோல, கொல்லையில் இருந்த பூவரச மரத்து இலையைப் பறித்து எண்ணெய் தடவிக் கிண்ணத்துக்குள் மடித்து வைத்து ஊற்றினாள். ஆகா! அப்படியே அலுங்காமல் கழன்று வந்தது. மஃபினின் முதுகில் இலை நரம்பு பச்சை குத்தியதுபோல் பதிந்திருந்தது. வீடு முழுக்கப் பழமும் கோக்கோவும் மணந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "என்னக்கா, மணக்குது?" என்று கேட்டாள்.

எப்போதும் முதல் மஃபின் எனக்குத்தான். அம்மா பிட்டு, ஊதி, என் வாய்க்கு நேரே கொண்டுவருவாள். நான் ஒரு வாரம் வயிற்றுவலி என்றேன், ஒரு வாரம் பல்வலி. இலையில் சுட்டதை மஃபின் என்று சொல்ல முடியுமா, கேப்பையில் செய்தால் அது பணியாரம்தானே என்றெல்லாம் எனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்தேன். வழக்கு எனக்குச் சாதகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஆண்டவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? அப்பாவை வைத்துப் பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாதே. பழத்தைக் கூட்டினாள், கேப்பையைக் குறைத்தாள், ஏலக்காய் தட்டிப் போட்டாள், வறுத்த கடலையை மேலே தூவினாள். நான் வேண்டாம் என்றேன். ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"கடையில வாங்குனாத்தான் ஒனக்குத் தொண்டையில எறங்குமோ? அம்புட்டுப் பெரிய மனுஷி ஆயிட்டியோ?" என்று கத்தினாள். கத்திவிட்டு, உடனேயே குரல் இறங்கி, "ஒரு வாய் தின்னு பாரேண்டி. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குக்கரைக் கழுவப் போய்விட்டாள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பலிக்காதே! பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அம்மாவை அழ வைத்துவிட்டு அப்பாவை வரவழைப்பது எனக்கே அநியாயமாகப் பட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாட்களில் அப்பா போன் செய்தால், அம்மா எங்களிடம் ஒரு நிமிஷம் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். மெல்லிய குரலில் நெடுநேரம் பேசுவாள். எனக்கு ஒரே குஷி. எனக்குத் தெரியாமல் அப்பா வரத் திட்டம் போடுகிறார்கள், வேண்டுதல் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வந்தே விட்டார். பெரிய வெள்ளிக்கு முந்தின சாயங்காலம். ஊரில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆட்டோ நின்றது. வழக்கமாக அப்பா வந்தால் கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டிகளும் கம்பளி மூட்டையும் இறங்கும், தெருவே வேடிக்கை பார்க்கும். அன்றைக்குத் தோளில் ஒரு பை மட்டும். "என்னப்பா, பெட்டியெல்லாம் பின்னாடி வருதா?" என்று யாரோ கேட்டார்கள். "வரும், வரும்" என்றார் அப்பா. எனக்குப் பெட்டி எதற்கு? கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். தம்பி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் கையிலிருந்த போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஈஸ்டர் காலையில் ஒரு அடுப்பில் கறி கொதித்தது, இன்னொன்றில் மஃபின் குக்கர். மூடியைத் திறந்ததும் பாய்ந்து ஒன்றை எடுத்தேன். சுடச்சுட அதைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் கேப்பை கொஞ்சம் நறநறத்தது. ஆனால் அப்படி ஒரு ருசியை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. அம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டே ரகசியத்தை உடைத்தேன். நான் மஃபின் தின்னாமல் இருந்ததால்தான் அப்பா வந்தார் என்றேன்.

அம்மா என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "அதுக்காகவாடி இத்தன நாளு தின்னாம கெடந்த? கூறுகெட்ட சிறுக்கி" என்று என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பாவின் கையில் ஒரு மஃபின் பாதி கடித்தபடி இருந்தது. "ஆமாத்தா, நீதான் என்னையக் கூட்டியாந்த" என்றார். மீதிப் பாதியை அவர் வெகுநேரம் தின்னவில்லை. அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் போய் என் சாதனையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

கத்தாரில் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள், ஆட்களைக் கையில் கிடைத்த துணிமணியோடு ஊருக்கு ஏற்றிவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு மைதாவின் மேல் திடீரென்று அப்படியொரு கோபம் ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்த ஈஸ்டர் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு மன்றாட்டு சொல்ல வேண்டும். என் முறை வந்தது. ஆண்டவர் என் பேச்சைக் கேட்பவர் என்று நிரூபணமாகிவிட்ட தைரியத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு உரக்கச் சொன்னேன்.

"ஆண்டவரே, அப்பாவக் கூட்டியாந்ததுக்கு நன்றி. இனிமே அப்பா எங்கிட்டும் வேலைக்குப் போகாம வீட்லயே இருக்கணும். அதுக்காக நான் ஆயுசுக்கும் மஃபின்..."

முடிக்கவிடாமல் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. கையில் நாட்டுச் சர்க்கரையும் கோக்கோவும் மணந்தது. பாவம், இப்போதுதான் பக்குவம் கைவந்திருக்கிறது, அதற்குள் தான் செய்வதை நான் ஆயுசுக்கும் தின்னமாட்டேன் என்று சொல்லிவிடப்போகிறேனே என்று பயந்துவிட்டாள் என நினைத்தேன்.

"பயப்படாதம்மா, கடை மஃபினத்தான் சொன்னேன்" என்றேன், அவள் விரலிடுக்கு வழியாக.