இரட்டை யூ

என் மகளின் ஆண்டு நிறைவுக்கு நான் கல்பாத்தி போய்ச் சேருவேனா மாட்டேனா என்பதை ஓர் ஆங்கில எழுத்து தீர்மானித்தது. யூ என்கிற எழுத்து. அதுவும் ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு. கேட்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்பார்கள். எனக்குக் கதை விடத் தெரியாது, ஸ்பெல்லிங் தெரியும். அதில் என்னை அசைக்க அந்த மலையில் ஆளில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மலை என்றால் மூணாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எங்கள் தெருவில் டைப் படித்தவர்கள் எல்லாரும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறியபோது நான் மட்டும் தெற்கே திரும்பி மலையேறினேன். கல்யாணமாகி ஒரு வருஷம் மனைவியும் என்னோடு அந்தக் குளிரில் இருந்தாள். பிறகு தலைப்பிரசவத்துக்குக் கல்பாத்தியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். பெண் பிறந்தது. ஆனி ஆடி மழையில் பாதை போயிற்று, பாதை சரியானபோது கொழுந்து குவிந்தது, லீவு கிடைக்கவில்லை. கடிதத்தில்தான் என் மகள் குப்புற விழுந்தாள். கடிதத்தில்தான் அவளுக்குப் பல் முளைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று கடைசிக் கடிதம் சொன்னது. அதைப் படித்துவிட்டு அன்று நான் அடித்த ஒரு காகிதமும் உருப்படவில்லை.

இரண்டு முறை லீவு கேட்டேன். ஆபீசில் டைப் அடிக்க என்னை விட்டால் ஆளில்லை, சீசன் முடியட்டும் என்றார் தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரை. நான் கெட்டிக்காரனாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது.

இதற்கு நடுவில் குடுவை விவகாரம் வந்தது. துரையின் பங்களாவுக்கும் ஆபீசுக்கும் டெலிபோன் கம்பி உண்டு. வாயில் நுழையாத பெயர்களைத் துரை எழுத்தெழுத்தாகச் சொல்லுவார், நான் எழுதிக்கொள்வேன். ஓர் எழுத்து இரண்டு முறை வந்தால் டபிள் எல், டபிள் ஈ என்று சொல்லுவது வழக்கம். ஒரு நாள் காலை, தேநீர் சூடு ஆறாமல் இருக்கும் ஒரு குடுவை மதராஸ் கடையிலிருந்து வேண்டும் என்றார். வி, ஏ, சி, டபிள் யூ, எம், அப்புறம் ஃபிளாஸ்க். நானும் வி, ஏ, சி எழுதி, டபிள்யூ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு, எம் போட்டு, சுத்தமாக டைப் அடித்துத் தபாலில் சேர்த்தேன். ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்தேன். வெள்ளைக்காரர்கள் அதைவிட மோசமான பெயர்களை எல்லாம் வைத்துக்கொள்வார்கள்.

மதராஸ் கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார். தாங்கள் கேட்ட அந்தக் கம்பெனிச் சரக்கு எங்களிடம் இல்லை, வேறு கம்பெனிச் சரக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். துரை அதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் கேட்டது வாக்குவம், அதில் யூ இரண்டு. அன்றிலிருந்து அவர் வாயில் எனக்குப் பெயர் மிஸ்டர் வாக்குவம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டபிள் யூ என்று சொன்னால் டபிள்யூ என்றுதான் எவன் காதிலும் விழும். சொன்னவர் சிரிக்கிறார், கேட்டவன் தலை குனிய வேண்டுமா?

ஆண்டு நிறைவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் முறையாக லீவுக் காகிதத்தை நீட்டினேன். துரை நல்ல குஷியில் இருந்தார். சீமையிலிருந்து வரும் பத்திரிகைகளில் எழுத்துப் புதிர்களைத் தேடித் தேடி அவிழ்க்கிற மனிதர் அவர். "மிஸ்டர் வாக்குவம், யூ இரண்டு சேர்ந்து வருகிற வார்த்தை ஒன்று கொண்டு வாருங்கள். பத்து எழுத்துக்குக் குறையக் கூடாது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கொண்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்படலாம்" என்றார்.

"கன்டினியூவம்" என்றேன் உடனே.

"அது எனக்கும் தெரியும். ஒன்பது எழுத்துதான்" என்றார்.

ஆபீசில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. செங்கல் கனம், அட்டையைப் பூச்சி தின்றிருந்தது. வேலை இல்லாத நேரமெல்லாம் அதை விரித்து, பத்தியின் மேல் ஸ்கேலை வைத்து, வரி வரியாக நகர்த்தினேன். அர்த்தம் படிக்கவில்லை. இரட்டை யூ எங்காவது கண்ணில் படுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அதில் ஒரு பெரிய புத்திசாலித்தனம் வேறு செய்தேன். அபூர்வமான வார்த்தைகள் கடைசியில்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, இஸட்டிலிருந்து பின்பக்கமாக வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வாக்குவம் என்னைப் பார்த்து இளித்தது. புதன்கிழமை ரெசிடியூவம் கிடைத்தது. விரல் விட்டு எண்ணினேன், எட்டு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒன்றுமில்லை. பெரிய கிளார்க்கு திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர்.

"என்ன சாமி, தொரை சும்மா வெளாட்டுக்குச் சொல்லியிருக்காவ. அதப் போயி நெசமுன்னு நம்பிக்கிட்டு, நீரு பாட்டுக்கு உக்காந்து தடவிக்கிட்டு இருக்கீரே!"

"வெளையாட்டா இருந்தா நான் ஜெயிக்கறேன், பாத்துண்டே இரும்" என்றேன். சொல்லும்போது குரல் திடமாகத்தான் வந்தது. ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆண்டு நிறைவன்று மகளை மடியில் வைத்துக் காது குத்தும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் நினைவு தெரிந்த பிறகு என்ன பதில் சொல்லுவேன்? ஒரு வார்த்தை கிடைக்கவில்லை என்றா?

சனிக்கிழமை காலை ஈ முடிந்து டி வந்தது. டைனமோ, டை எல்லாம் போய், ட்வெல், ட்வார்ஃப் என்று டபிள்யூ போட்ட வார்த்தைகளாக வந்துகொண்டிருந்தன. ஸ்கேலை இன்னும் நாலு வரி ஏற்றினேன். அங்கே உட்கார்ந்திருந்தது. டி, யூ, யூ, எம், வி, ஐ, ஆர், ஏ, டி, ஈ. ட்யூவம்விரேட். எண்ணினேன், பத்து. மறுபடி எண்ணினேன், அப்போதும் பத்து. டபிள்யூவும் டபிள் யூவும் ஒரே பக்கத்தில், அண்டை வீட்டுக்காரர்களாக இருந்திருக்கின்றன. ஒழுங்காக ஏயிலிருந்து ஆரம்பித்திருந்தால் புதன்கிழமையே கிடைத்திருக்கும். அதை நான் பெரிய கிளார்க்கிடம் சொல்லவில்லை.

பங்களாவுக்கு நடந்தால் பத்து நிமிஷம். நான் நடக்கவில்லை. டெலிபோனைச் சுற்றினேன்.

"வார்த்தை கிடைத்துவிட்டது சார். எழுதிக்கொள்கிறீர்களா? டி... டபிள் யூ... எம்... வி... ஐ... ஆர்... ஏ... டி... ஈ."

பென்சில் ஓடுகிற நேரம் கழிந்தது. "இப்படி ஒரு வார்த்தை எந்தப் பாஷையிலும் இல்லை. டி, டபிள்யூ, எம் என்றால் எப்படி உச்சரிப்பது? அதோடு ஒன்பது எழுத்துதான் இருக்கிறது" என்றார் துரை.

"இல்லை சார், பத்து. இதே கம்பியில்தான் நீங்கள் எனக்கு ஒரு குடுவைக்கு எழுத்து சொன்னீர்கள்" என்றேன்.

போச்சு, அதிகம் பேசிவிட்டேன் என்று ரிசீவரைக் கீழே வைக்கப் போனேன். அப்போது மறுமுனையில் சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்கக் கம்பியே வேண்டியிருக்கவில்லை.

"அர்த்தம் என்ன?"

"இரண்டு பேர் சரிசமமாகச் சேர்ந்து ஆட்சி செய்வது, சார்."

"எந்த இரண்டு பேர்?"

"பங்களாவில் ஒருவர், டைப்ரைட்டருக்கு முன்னால் ஒருவர்."

"சரி, அதில் ஒருவர் பத்து நாள் ஊருக்குப் போகட்டும். இன்னொருவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். மிஸ்டர் வாக்குவம் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அந்தத் திங்கட்கிழமையோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரியில் ஏறினேன். மறையூரில் கரும்புப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கென்று இரண்டு உருண்டை வெல்லம் வாங்கிப் பையில் போட்டேன். உடுமலைப்பேட்டையில் இறங்கி, பொள்ளாச்சியில் மாறி, வழி நெடுக இந்தக் கதையை மாமனாருக்கும் மைத்துனர்களுக்கும் எப்படிச் சொல்லுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரேழியில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு சின்ன முகம்.

"யாரு வந்திருக்கா பாரு. அப்பாவாக்கும்!" என்றாள்.

முகம் புடவைக்குள் போயிற்று. ஒரு கண் மட்டும் என்னை அளந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. பத்து எழுத்துக்காகச் செங்கல் கன அகராதியைப் புரட்டியவனுக்குத் தன் பெண்ணோடு பேச ஒரு பாஷையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். ஓர் எழுத்துதான் வெளியே வந்தது.

"வா."

குழந்தை புடவையை விட்டாள். நாலு அடி தானாக நடந்து வந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

வெல்லத்துக்காக்கும் வந்தாள் என்று என் மனைவி இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுத்தப் பொய். அந்தப் பையை நான் திறந்தது மறுநாள் காலையில்.